முன்னால் போகும் முகம்

ஜம்புலிங்கத்துக்கு சினிமாவே ஆகாது என்று சொல்ல முடியாது. புராணப் படம் வந்தால் மனைவி அம்சாவோடு முதல் ஆளாகப் போய் மணலில் இடம் பிடிப்பான். அந்த இங்கிலீஷ் உளவாளிப் படங்களின் போஸ்டரைச் சுவரில் கண்டால் மட்டும் காறித் துப்பிவிட்டுத்தான் டாக்சியைக் கிளப்புவான்.

இரண்டு வருசத்துக்கு ஒன்று என்று அவையும் திருத்தணி டூரிங் கொட்டகைக்கு வந்துகொண்டே இருந்தன. பட்டணத்தில் ஓடித் தேய்ந்து, திரையெல்லாம் மழைக்கோடு விழும் பிரிண்டு. உளவாளி அதே உளவாளிதான். நடிக்கிறவன் அவ்வப்போது மாறுவான். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் ஊர் திரண்டு போனது, காருக்காக. பொத்தானை அமுக்கினால் புகை கக்கும், ரோட்டில் எண்ணெயைக் கொட்டும், சீட்டோடு ஆளைத் தூக்கி வானத்தில் எறியும். கடைசியில் அரை டஜன் கார் மலைச்சரிவில் உருண்டு எரியும்போது கொட்டகையே விசிலடிக்கும். காலையில் வண்டியைக் கழுவி, பானட்டில் குங்குமம் வைத்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாவி போடுகிறவனுக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியாதா?

வயிறு எரிந்தது காருக்காக, துப்பியது வில்லனுக்காக. அந்தப் படங்களில் கெட்டவன் என்றால் உடம்பில் ஏதாவது ஒரு குறை இருந்தே தீரவேண்டும். ஒருவனுக்குக் கை இருக்காது, ஒருவன் நொண்டுவான், இன்னொருவனுக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கும். உளவாளிக்கு மட்டும் முழுப் பல், முழுத் தலைமயிர், இஸ்திரி கலையாத கோட்டு. உலகத்தையே அழிக்கப் போகிற ஒருத்தன் பார்க்க லட்சணமாக இருந்தால் என்ன என்று படம் எடுத்தவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. காசு கொடுத்துப் பார்த்த நம் ஆட்களுக்கும் தோன்றவில்லை.

ஜம்புலிங்கத்தின் முகம் பிறவியில் அப்படி இல்லை. கூலி வேலை செய்யும் வீட்டில் பிறந்து, பதினாலு வயதில் அரக்கோணத்தில் லாரிக் கிளீனராகச் சேர்ந்தவன். அறுபத்துநாலில் ஒருநாள் சித்தூர்ப் பக்கம் மேடேறும்போது லாரி கொதித்து நின்றது. "மூடியத் தொறடா" என்றான் டிரைவர். திறந்தான். ரேடியேட்டர் தண்ணீர் பீய்ச்சியடித்து முகத்தின் இடது பாதியை உரித்துவிட்டது. புண் ஆறியபோது கன்னம் சுருங்கி, இமை கீழே இழுபட்டு, வாயோரம் எந்நேரமும் இளிப்பதுபோல் நின்றுவிட்டது. பார்வைக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. லைசென்ஸ் அதிகாரி மூன்று தடவை எழுத்தைப் படிக்கச் சொல்லி, நம்பாமல் நான்காவது தடவையும் படிக்கச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்.

அம்சா அந்த முகத்தைப் பார்த்தே கட்டிக்கொண்டவள். அவள் வளையலும் செயினும் ஒரு பழைய அம்பாசிடராக மாறின. ரயிலடியிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து திருப்பதிக்கு என்று எட்டொன்பது வருசம் சவாரிக்குக் குறைவில்லை. ஏறுகிறவர்கள் முதலில் கொஞ்சம் திகைப்பார்கள். பத்து மைல் தாண்டுவதற்குள் பழகிவிடுவார்கள்.

எழுபத்தாறில் வந்த படத்துக்கு அம்சாதான் அவனை இழுத்துப் போனாள், ஊரே போகிறது என்று. கொட்டகையில் ஒற்றை மிஷின். ரீல் மாற்ற மூன்று இடைவேளை. வில்லனின் முதுகையும் மொட்டைத் தலையையும் மட்டும் ரொம்ப நேரம் காட்டினார்கள். இரண்டாம் இடைவேளைக்கு முன்னால் நாற்காலி திரும்பியது. இடது கன்னம் வெந்து, இமை தொங்கி, வாய் கோணி, திரை முழுக்க ஒரு முகம். சொல்லிவைத்தாற்போல் விளக்கு எரிந்தது. "டேய், நம்ம ஸ்டாண்டு ஜம்புலிங்கம்டா!" என்று முன்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

கொட்டகை மொத்தமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவனுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கோணிய வாய் இளித்துக்கொண்டுதான் இருந்தது. அவனும் சேர்ந்து சிரிக்கிறான் என்று நினைத்து ஜனங்கள் இன்னும் சிரித்தார்கள். இந்த இடத்தை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் முதல் அவன் பெயர் வில்லன். "இன்னா வில்லன், எங்க குண்டு வெக்கப் போற?" என்று பேப்பர்க்காரன் முதல் பூக்காரி வரை கேட்டார்கள். அதையாவது பொறுக்கலாம். ஸ்டாண்டிலிருந்த மற்ற டிரைவர்கள் அதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். மெட்ராஸ் குடும்பம் ஒன்று அவன் டிக்கியில் மூட்டையெல்லாம் ஏற்றிய பிறகு, ஒருவன் வேண்டுமென்றே "வில்லன், பாத்து ஓட்டு, போன தபா மாதிரி ஆயிடப் போவுது" என்றான். போன தடவை ஒன்றுமே ஆகவில்லை. அந்த வீட்டு அம்மாள் அவன் முகத்தைப் பார்த்து, "ஏம்பா, கண்ணு தெரியுமா?" என்றாள். "நல்லாத் தெரியும்மா" என்றான். மூட்டைகள் இறங்கி அடுத்த வண்டிக்குப் போயின.

மூன்று மாசத்தில் சவாரி பாதிக்கும் கீழே போய்விட்டது. அம்சா பக்கத்துத் தெருத் தறிக்காரர் வீட்டில் நூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றப் போனாள். அவன் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டான். அதற்கும் சிரித்தார்கள்.

அப்போதுதான் பரந்தாமன் வந்தார். நூல் வியாபாரி, ஆர்.கே.பேட்டை நெசவாளர்களில் பாதிப் பேர் அவரிடம்தான் நூல் எடுத்தார்கள். கிருத்திகை தவறாமல் அன்னதானம். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, யாரையும் அதட்டாத குரல். ஆந்திரப் பக்கத்து வியாபாரிகளைச் செவ்வாய்தோறும் முருகன் தரிசனத்துக்கு அழைத்து வர நிரந்தரமாக ஒரு டாக்சி வேண்டும் என்றார்.

"என் மூஞ்சி பரவாயில்லைங்களா?" என்று கேட்டுவிட்டான் ஜம்புலிங்கம்.

பரந்தாமன் தானே கை நீட்டி அவன் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு நைனா இது? நம்ம மூஞ்சிக்கு நாமே வெக்கப்படலாமா? என் சவாரியில இருக்கச் சொல்லோ இதப் போடக் கூடாது, ஆங்?"

அன்று வீட்டுக்கு வந்து அம்சாவிடம் சொல்லிச் சொல்லி அழுதான். அடுத்த கிருத்திகைக்குப் பரந்தாமன் இன்னொன்றும் சொன்னார்: "உனக்குப் புடிச்ச சனி போவணும்னா முருகனுக்கு மொட்ட போடு. மாசா மாசம் போட்டுக்க. நாவிதன் கூலி என் பொறுப்பு." திருத்தணியில் மொட்டை ஒரு விசேஷமா? தெருவில் நாலு பேர் போனால் இரண்டு பேர் தலையில் சந்தனம். அவனும் பக்தியோடு உட்கார்ந்தான். சாமி பெயரைச் சொல்லித் தலையைக் கேட்டால் இந்த ஊரில் எவனும் ஏன் என்று கேட்கமாட்டான்.

தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் சாராயக் கடை திறந்திருந்தது. எனவே எல்லையில் ஒரு செக்போஸ்ட். பரந்தாமனின் ஏற்பாடு எப்போதும் ஒன்றுதான்: விருந்தாளிகளோடு ஜம்புலிங்கத்தின் அம்பாசிடர் முன்னால், அவருடைய பியட் பின்னால். செக்போஸ்ட்டில் இருந்தவர்களும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள்தான். மொட்டையும் வெந்த கன்னமுமாக ஒரு முகம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் தெரிந்ததும் விசில் ஊதி நாலு பேரும் ஓடி வருவார்கள். ஆட்களை இறக்கி, சீட்டைத் தூக்கி, பானட்டைத் திறந்து, அடியில் படுத்துப் பார்ப்பார்கள். ரகசியப் பொத்தான் தேடுகிறார்களோ என்னவோ. அதற்குள் பின்னால் வந்த பியட் மெல்ல ஒதுங்கிப் போகும். பரந்தாமன் கை கூப்புவார். யாராவது ஒருவர் பதிலுக்கு சல்யூட்டும் வைப்பார்.

"ஏன்யா, உன்ன மட்டும் நிறுத்தறாங்க, அவர நிறுத்த மாட்டாங்களா?" என்று அம்சா ஒருமுறை கேட்டாள். "பெரிய மனுசன்டி" என்றான் ஜம்புலிங்கம். அப்படியே ஒன்றரை வருசம் ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை, செக்போஸ்ட்டைத் தாண்டி இரண்டு மைலில் பியட் பஞ்சர். பரந்தாமன் அன்று வண்டியில் இல்லை. டிரைவர் பெருமாள் மட்டும்தான். உதவிக்கு நிறுத்திய ஜம்புலிங்கம், ஸ்டெப்னி எடுக்க டிக்கியைத் திறந்தான். உள்ளே லாரி டியூப்புகள் வயிறு உப்பிப் படுத்திருந்தன. அழுத்திப் பார்த்தான், குலுங்கியது. மூக்கைத் துளைக்கும் சாராய நாற்றம்.

பெருமாள் பதறவில்லை. பல் தெரியச் சிரித்தான். "இன்னாண்ணே, இத்தினி நாளா தெரியாதா? உன் மூஞ்சி முன்னால போற வரைக்கும் எங்க டிக்கிய எவனும் தொறக்க மாட்டான். மொட்ட போட்டப்பறம் இன்னும் ஜோரு. மொதலாளி அந்தப் படத்த மூணு தபா பாத்தாரு, தெரியுமா?"

ஜம்புலிங்கம் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். கண்ணாடியைக் கழற்றிய கை நினைவுக்கு வந்தது. நைனா என்ற அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. கொட்டகையில் சிரித்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்ததோடு விட்டார்கள். இந்த ஆள் அதை வாடகைக்கு எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, முருகன் பெயரால் சிரைத்து, சாராயத்துக்கு முன்னால் கட்டி ஓட்டியிருக்கிறான். அந்தப் படங்களின் வில்லன்களாவது கதாநாயகனைக் கட்டிப்போட்டு, நான் கெட்டவன், இதுதான் என் திட்டம் என்று சாவகாசமாகச் சொல்லிவிடுகிறார்கள். இவன் விபூதி கொடுத்தான். தூ.

அன்றிரவு அம்சாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். "நாளையிலேர்ந்து போவாத" என்றாள். "நான் போவலன்னா இன்னொரு மூஞ்சி தேடுவான்" என்றான். போலீஸில் சொல்லலாம்தான். இந்த முகம் சொல்லி அந்த முகத்தின் மேல் யார் கை வைப்பார்கள்? அவர்கள் போய்த் திறப்பதற்குள் டிக்கியில் ஊதுபத்தியும் தேங்காயும்தான் இருக்கும். 

அடுத்த செவ்வாய். வழக்கம்போல் விசில். வழக்கம்போல் விருந்தாளிகள் இறங்கி மரத்தடிக்குப் போனார்கள். ஜம்புலிங்கம் மட்டும் இறங்கவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை. பியட் பக்கத்தில் ஊர்ந்து வந்தது. முன்சீட்டில் பரந்தாமன், கூப்பிய கையோடு. வண்டி அவனைத் தாண்டி, அதன் டிக்கி நேர் எதிரே வந்ததும், கிளட்ச்சை விட்டு ஆக்சிலேட்டரை மிதித்தான்.

இரும்போடு இரும்பு மோதிய சத்தம் ஓய்ந்தபோது அம்பாசிடரின் முகப்பு நசுங்கி ஆவி கக்கிக்கொண்டிருந்தது. பியட்டின் டிக்கி வாய் பிளந்திருந்தது. கிழிந்த டியூப்புகளிலிருந்து சாராயம் ஊற்றாகக் கொட்டி, ரோட்டின் சரிவில் ஓடி, போலீஸ்காரர்களின் பூட்ஸை நனைத்தது. விருந்தாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

போலீஸ்காரர்கள் ஓடி வந்து முதலில் யார் சட்டையைப் பிடித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஜம்புலிங்கத்தை வெளியே இழுத்துப் போட்டு இரண்டு அறை விட்டார்கள். சாராயம் கணுக்காலைத் தொட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, "பெரிய மனுசன் வண்டிய இடிக்கறியா?" என்று கேட்டு அடித்தார்கள். பரந்தாமன் இறங்கினார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, பெருமாளைச் சுட்டிக்காட்டி, "எனக்குத் தெரியாம இந்தப் பாவி இன்னாத்த வெச்சானோ" என்று முருகனைக் கூப்பிட்டார். பிறகு ஜம்புலிங்கத்தின் தோளில் கை போட்டார்.

"இவன விட்ருங்க சார், பாவம். இவனுக்கு அந்தப் பக்கத்துக் கண்ணு தெரியாது. தெரியாமத்தான் இடிச்சிட்டான். வண்டிய நான் பாத்துக்கறேன்."

அவர் கை தோளை இரண்டு முறை அழுத்தியது. தலையாட்டினால் போதும். விபத்தோடு விஷயம் முடிந்துவிடும், நசுங்கிய வண்டி புதுசாகி வரும், செவ்வாய்தோறும் சவாரி வரும். ஒரு வருசம் லைசென்ஸ் முடங்கி, அம்சா தார் சுற்றிய கூலியில் சாப்பிடுகிற காலம் அவனுக்கு வந்திருக்காது.

சப்-இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். "ஏன்யா, கண்ணு தெரியாமத்தான் இடிச்சியா?"

ஜம்புலிங்கம் தோளிலிருந்த கையை எடுத்துக் கீழே விட்டான்.

"ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுது சார். பாத்துத்தான் இடிச்சேன். அப்பிடியே எழுதிக்கங்க."