வடிகஞ்சியில் குழைத்த வர்ணம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் வருஷத்து ஐப்பசியில் பதினொரு நாள் மழை விடவில்லை. ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் கன்னியர்கள் நடத்திய அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் அமலோற்பவமேரி ஆயாவாக இருந்தாள். கல்யாணமான மறு வருஷமே புருஷனைப் பாம்பு கடித்துவிட, பத்தொன்பது வயதில் அங்கே வந்து சேர்ந்தவள். இப்போது நாற்பத்திரண்டு. இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகளைத் தூக்கினாளோ, அது அவள் இடுப்புக்குத்தான் தெரியும். குனிந்தால் நிமிர ஒரு நாழியாகும்.

அந்த மழையில் அவள் பொறுப்பில் ஒன்பது பிள்ளைகள். தவழ்வதும் தத்துநடை போடுவதுமாக எல்லாம் பொடிசுகள். வெளியே விட வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்தவை, ஒன்றைத் தவிர, ஈரம் ஊறிய சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பும் மண்ணுமாகத் தின்றன. செல்வநாதன் என்கிற ஒன்றரை வயதுக் குழந்தை நாலு நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்து பிழைத்தது மறுபிறப்புத்தான்.

"துணியால எல்லாத்துக்கும் கையைக் கட்டி வை, அமலோற்பவம். வேற வழி தெரியல" என்றார் பெரிய மதர்.

ஒரு நாள் கட்டினாள். ஒன்பதும் தொண்டை வறளக் கத்தின. சாயங்காலம் அவளே அவிழ்த்துவிட்டாள். மணிக்கட்டெல்லாம் கன்றியிருந்தது. அவற்றுக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, எதையாவது பிசைய வேண்டும், பிசைந்ததை வாயில் வைக்க வேண்டும்; அவ்வளவுதான் என்று அவளுக்குப் பட்டது. வாயில் போனாலும் ஒன்றும் செய்யாத ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாமே.

மறுநாள் மாட்டுத் தொட்டிக்குப் போகவிருந்த வடிகஞ்சியில் ஒரு செம்பு எடுத்தாள். ஒரு பிடி நொய்யைப் போட்டுக் கூழாகக் காய்ச்சினாள். மஞ்சளைக் கலந்தாள். அளவு கூடிவிட்டது, கசப்புத் தாங்காமல் பிள்ளைகள் துப்பின. அடுத்த நாள் மஞ்சளைக் குறைத்து ஒரு துண்டு வெல்லம் சேர்த்தாள். கிணற்றடிக் கொடிப்பசலையின் இலையை அவித்து அரைத்ததில் பச்சை கிடைத்தது. அதன் கருத்த பழத்தைத் துணியில் வைத்துப் பிழிந்ததில், கத்தரிப்பூ நிறமும் ரத்தச் சிவப்பும் கலந்தாற்போல ஒரு சாறு இறங்கியது. ஆறிப்போன கூழைத் தொட்டதும் பிள்ளைகள் கையை உதறின. அதனால் வெதுவெதுப்பாகவே வைத்துக்கொண்டாள். வாழையிலைகளை விரித்து, மூன்று நிறக் கூழையும் அவற்றில் ஊற்றினாள்.

 ஒன்பதில் எட்டு, இரண்டு கையாலும் இலையை அளைய ஆரம்பித்தன. அளைந்தன, நக்கின, ஒன்றன் வயிற்றில் மற்றொன்று பூசிவிட்டது.

எட்டிப் பார்த்த பெரிய மதர் ரத்தமென்று நினைத்துப் பதறிவிட்டார். விஷயம் தெரிந்ததும் கோபம் வந்தது.

"ஊரே அரிசிக்கு வரிசையில நிக்குது. நீ சோத்தை வச்சு விளையாட்டுக் காட்டுறியா?"

"வடிகஞ்சிதாங்க மதர். ஒரு பிடி நொய்யி, அது என் பங்குலேருந்து எடுத்தது. பாருங்க, இலையில ஒரு சொட்டு மிச்சமில்ல. சுவத்துக்கிட்ட ஒண்ணும் போகல."

மதர் இலைகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "மழை விடுற வரைக்கும் தினம் செய்" என்று சொல்லிவிட்டுப் போனார். தினம் என்றால் அரைப்பதும் பிழிவதும் காய்ச்சுவதும் ஒன்பது பிள்ளைகளைக் கழுவி விடுவதும் அவள் ஒருத்தி தலையில்தான்.

இலைப் பக்கமே வராதது அடைக்கலமேரி. இரண்டு வயது. தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் காலராவில் போனபின் வந்தவள். அவள் எதையும் தொடமாட்டாள். கையில் ஈரம் பட்டால் மூச்சடைக்க வீரிடுவாள். இரண்டு கையையும் இறுக மூடியே வைத்திருப்பாள்; சோறு கரண்டியால்தான். அமலோற்பவமேரி அவளை இழுக்கவுமில்லை, கூப்பிடவுமில்லை. மழை விட்ட பிறகும், தன் உள்ளங்கையில் கொஞ்சம் கூழைப் பூசிக்கொண்டு தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று வாரம் அப்படியே போயிற்று.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், உட்கார்ந்த வாக்கிலேயே கண் அசந்துவிட்டாள். மடியில் கை விரிந்து கிடந்தது. ஏதோ ஊர்வது போலிருக்க விழித்தாள். அடைக்கலமேரி ஒற்றை விரலால் அந்தக் கையில் சிவப்பைத் தொட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். ஆயாவுக்குக் கால் மரத்துப் போயிருந்தது, இடுப்பு விண்ணென்று வலித்தது. அசையவில்லை. பிள்ளை விரலைப் பார்த்தாள். முகம் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தபோது விரல் வாய்க்குள் போயிற்று. பிறகு ஆயாவின் சேலையில் விரலைத் துடைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் இரண்டு விரல். கிறிஸ்துமஸுக்குள் தட்டில் தானே சோற்றைப் பிசைந்து தின்றாள். பாதி தரையில் சிந்தியதை ஆயா பொறுக்கினாள்.

தை மாசம் விக்கிரமங்கலத்திலிருந்து பிள்ளையின் தாய்மாமன் மரிய செல்வம் வந்தான். உழவுகாரன். தன் வீட்டில் வைத்து வளர்க்கப்போவதாகச் சொன்னான். கூட்டிப் போகிற நேரத்தில் அமலோற்பவமேரி வண்டி வரைக்கும் வந்தாள்.

"புதுசா எது குடுத்தாலும் தொடமாட்டா தம்பி. அதட்டாதீங்க. பக்கத்துல சும்மா உக்காருங்க. அவளே வருவா."

"எத்தினி நாளாகுங்க ஆயா?"

"தெரியாதுப்பா. உக்காந்தே இருக்கணும்."

அவன் தலையாட்டினான். பிள்ளை அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வண்டி மேட்டில் ஏறி மறைந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள்: திருமழபாடிப் பக்கமிருந்து இன்னும் இரண்டு கைக்குழந்தைகளைக் கொண்டு வந்திருந்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெந்நீர் வைக்கப் போனாள்.