முதுகில் ஒட்டிய காது

பிள்ளைகளே, ஓசூரில் ஒரு கம்பெனியில் பொருள்களைச் சரிபார்ப்பது என் வேலை. கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவேன். அந்தப் புத்தி என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

என் மனைவி அங்கன்வாடி டீச்சர். கைவேலைப் பயிற்சியில் கற்றுக்கொண்டு அட்டையில் ஒரு யானை செய்திருந்தாள். அதைப் பிள்ளைகள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க மறுநாள் பயிற்சி கொடுத்த மேடம் வருவதாக இருந்தது. காதும் தும்பிக்கையும் ஒட்டாமல் கிடந்தன. பாதியில் விட்டுவிட்டாள் என்று நினைத்து, அவள் கடைக்குப் போன நேரத்தில் நானே அளந்து வெட்டி, ஒட்டி, வர்ணமும் பூசிவிட்டேன்.

மறுநாள் அவள் பார்க்காதபடி யானையைத் துணியால் மூடி, நான்தான் அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவரும் தொடவில்லை.

“எடுத்து விளையாடு கண்ணு” என்றேன் ஒரு சிறுமியிடம்.

“எல்லாம் ஒட்டியாச்சே மாமா. நான் என்ன பண்றது?”

என் மனைவியின் முகம் வாடிவிட்டது. “ஏங்க, அவங்க ஒட்டட்டும்னுதானே விட்டு வெச்சேன்! இதென்ன உங்க கம்பெனி பீஸா?” என்றாள். மேடம் சிரித்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

காதுகளை நானே பிய்த்துக் கொடுத்தேன். சிறுமி ஒன்றை யானையின் முதுகில் ஒட்டினாள். “அங்க இல்ல” என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன்.

“இது ரெக்கை மாமா. தளியில எங்க அத்தை ஊட்டுக்குப் பறந்து போவும்!”

உடனே மற்ற பிள்ளைகளும் பசைக்குக் கை நீட்டினார்கள். மேடமும் அவர்களோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கம்பெனியில் இன்றும் கோணலை ஒதுக்கத்தான் செய்கிறேன். வீட்டில் என் மகள் காகிதம் வெட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேட்டால் மட்டும் பசையை எடுத்துக் கொடுப்பேன்.