பாதிப் பேருக்கு மாவு

அந்த வருஷங்களில் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தஞ்சாவூரில் மனநல மருத்துவனாக இருந்தேன். பூதலூர்ப் பக்கம் எங்கள் நிலம் உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக, மிச்சத்துக்குக் குத்தகை வழக்கு நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பா என்னைக் கூட அழைத்துப் போவார். எனக்கோ எப்படியாவது வெளிநாடு போய்விட வேண்டும். அதற்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையிலாவது என் பெயர் வர வேண்டும்.

பம்பாயில் தொடங்கிய ஒரு பரிசோதனைக்கு வெளியூர் டாக்டர்களையும் கேட்டபோது, தஞ்சாவூரிலிருந்து முதல் ஆளாகச் சேர்ந்துகொண்டேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை கோகெய்ன் ஏக்கத்தைத் தணிக்குமா என்று பார்ப்பது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற எங்களுக்கும் தெரியாது, ஊகிக்கவும் கூடாது.

எங்கள் பக்கம் கோகெய்னைக் கண்ணால் பார்த்தவர்களே அபூர்வம். எனக்குக் கிடைத்தவன் ஒருவன்தான். நாகூர்க்காரன். வெளிநாட்டு ஓட்டலில் வேலை பார்த்தபோது பழகி, வேலை போய் ஊர் திரும்பியவன். நாகூரில் கடை வைத்திருந்த அவன் அண்ணன்தான் ஒவ்வொரு முறையும் கூட்டி வருவார்.

ஒரு பிற்பகல் வந்தார்கள். அவன் உதடு வெடித்திருந்தது. பேச நாக்கு ஒட்டியது. வாய் வறள்வது அந்த மாத்திரையின் குணம். இவனுக்கு அசல் மருந்துதான் என்று மனசுக்குள் துள்ளினேன். காப்பி வரவழைத்தேன். வேண்டாங்க, நீங்க சாப்பிடுங்க என்றார் அண்ணன். கூச்சப்படுகிறார் என்று நினைத்து, அவர்கள் எதிரிலேயே குடித்தேன். முந்தின நாள் மாலைதான் பக்கத்து வீட்டிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியை ருசித்துச் சாப்பிட்டிருந்தேன். அப்படியும் எனக்கு உறைக்கவில்லை.

“டாக்டர், கூட வேலை பார்த்தவன் ஊருக்கு வந்திருக்கான். கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். ஒரு வாரம் இங்கேயே படுக்க வச்சுக்குங்க,” என்றான்.

“வீட்டுல கொசு, இங்க ஃபேன் காத்து. அதுக்குத்தான்,” என்று அண்ணன் சிரித்தார்.

மருந்து வேலை செய்கிறது, பயப்படாமல் போ என்றேன். மறுநாள் வாய்தா இருந்தது. வக்கீலைப் பார்க்க நேரமாகிக்கொண்டிருந்தது.

பெருநாள் கழிந்து அண்ணன் மட்டும் வந்தார். தம்பி அந்தக் கூட்டாளியோடு பம்பாய் போய்விட்டான், லாட்ஜ் அறையில் செத்துக் கிடந்தான் என்றார். அப்போதும் நான் கேட்டது, வாய் வறட்சி கடைசிவரை இருந்ததா என்றுதான்.

“நோன்பாளிக்கு வாய் வறளாம இருக்குமா டாக்டர்? திருந்தணும்னு பல வருஷத்துக்கு அப்புறம் இந்தத் தடவைதான் நோன்பு புடிச்சான்,” என்றார். “அன்னைக்கு பஸ்ல அவனைத் திட்டிட்டேன். டாக்டரே மருந்து கேக்குதுங்கிறார், உனக்கென்னடா நடிப்புன்னு. அவன் நடிச்சானா?”

பரிசோதனை முடியாமல் எதுவும் சொல்லக் கூடாது என்றேன். அப்படி ஒரு விதி இருந்தது. அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

முடிந்தபோது விவரம் வந்தது. அவனுக்குப் போனது மாவு. அவன் நடிக்கவில்லை. இதைச் சொல்ல நாகூருக்கு பஸ் ஏறினேன். திருவாரூரில் இறங்கி, எதிரே நின்ற தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பிறகு கிளம்பவேயில்லை. தம்பியைத் திட்டியதை நினைத்துக்கொண்டே அந்த மனிதர் எத்தனை வருஷம் கடையில் உட்கார்ந்திருந்தாரோ, எனக்குத் தெரியாது.