குவைத் உம்மா

றிம்ஷா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது மகள் ஸஜானாவுக்கு ஒன்றரை வயது. மன்னார்ப் பக்கத்துக் கொண்டச்சியில் அவர்களுக்கு இருந்தது கூரை போடாத இரண்டு அறைகள். கணவன் நிப்ராஸ் சிலாவத்துறையில் ஆட்டோ ஓட்டினான். அந்த வருமானம் சாப்பாட்டுக்குப் போதும், கூரைக்குப் போதாது.

குவைத்தில் அவள் பொறுப்பில் விடப்பட்டவள் நூரா என்ற சின்னப் பிள்ளை. ஸஜானாவைவிட ஒரு வயது மூத்தவள். படுக்கும்போது நூராவுக்கு ஒரே ஒரு படப் புத்தகம்தான் வேண்டும். அதில் ஒரு ஒட்டகக் குட்டிக்கு நித்திரை வராது. தாய் ஒட்டகம் குட்டியின் இமை மயிர்களை ஒவ்வொன்றாக எண்ணும். எண்ணி முடிக்குமுன் இரண்டும் தூங்கிவிடும். குர்ஆன் ஓதிப் பழகியதால் றிம்ஷாவுக்கு அரபு எழுத்துத் தெரியும், அர்த்தம்தான் தெரியாது. அவள் எழுத்துக்கூட்டி வாசிக்க, நூரா படத்தில் விரலை வைத்து அர்த்தம் சொல்லிக் கொடுத்தாள்.

நூரா தூங்கிய பிறகு, றிம்ஷா உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்திலிருந்த தன் அறைக்கு வந்து போனை எடுப்பாள். அங்கே ஒன்பது மணி என்றால் கொண்டச்சியில் பதினொன்றரை. நிப்ராஸ் தூங்கும் மகளின் முகத்துக்கு நேரே போனைப் பிடிப்பான். வெள்ளிக்கிழமை பகலில் மட்டும் பிள்ளையோடு பேசலாம். ஸஜானா வளர்ந்தது நிப்ராஸின் தங்கை கதீஜாவின் வீட்டில், அவளுடைய பிள்ளைகளோடு. அவர்களைப் பார்த்து அவளும் கதீஜாவையே உம்மா என்றாள். போனில் வருகிறவள் குவைத் உம்மா.

நான்கு வருடம் போனது. நூரா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் றிம்ஷாவை அனுப்பிவிட முடிவெடுத்தார்கள். "பிள்ளைக்குச் சொல்லாதே, அழுவாள்" என்றாள் வீட்டுக்காரி. நூரா வகுப்பில் இருந்த நேரத்தில் றிம்ஷா விமான நிலையத்துக்குப் போனாள். பிள்ளை வளர்ந்ததும் கழித்து ஒதுக்கிய சாமான்களுக்குள் கிடந்த அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்திருந்தாள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஸஜானா வாப்பா நிப்ராஸின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். வீட்டில் கூரை இருந்தது. மகள் வாப்பாவோடு ஒரு பாயில் படுத்தாள். றிம்ஷா அடுத்த அறையில் படுத்தாள்.

மூன்றாம் நாள் மாலை அந்தப் புத்தகத்தோடு மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தமிழில் கதையைச் சொல்லிக்கொண்டே தாள்களைப் புரட்டினாள். ஸஜானா படங்களை ஆசையாகத்தான் பார்த்தாள். ஒரு மூலையில் யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்ததைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"இது ஆர்ர புத்தகம்?"

"அங்க ஒரு பிள்ளை இருந்தா. அவட."

"அவவுக்கும் வாசிச்சனீங்களோ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

றிம்ஷா பொய் சொல்லவில்லை. ஸஜானா புத்தகத்தை மூடித் தள்ளிவைத்துவிட்டு, "வாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனாள்.

அதற்குப் பிறகு றிம்ஷா அவளை வற்புறுத்தவில்லை. சமைத்தாள், சீப்பால் தலை இழுத்துவிட்டாள், முன்பள்ளிக்குக் கூட்டிப்போனாள். நேரமாகிப் பிள்ளை பாய்க்குப் போகும்போது கிணற்றடியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றாள். அவளுக்கு நூராவின் நினைவும் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து தேடியிருப்பாளோ, இப்போது யார் பக்கத்தில் இருக்கிறார்களோ என்று யோசிப்பாள். அதை யாரிடம் சொல்வது? ஒருநாள் கதீஜாவிடம் வாய் திறந்தபோது, "சொந்தப் பிள்ளையப் பாருங்கோ மச்சி" என்று அவள் முடித்துவிட்டாள். தப்பாகச் சொல்லவில்லை. றிம்ஷா பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

கார்த்திகை மழையில் ஒருநாள் நிப்ராஸ் ஒரு கர்ப்பிணியை மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனான். பாதையில் வெள்ளம் ஏறிவிட, விடிந்துதான் வருவேன் என்று போன் பண்ணினான். வீட்டில் தாயும் மகளும் மட்டும். ஸஜானா பாயில் புரண்டு புரண்டு படுத்தாள். றிம்ஷா கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பிள்ளைட பேரென்ன?" என்று ஸஜானா திடீரென்று கேட்டாள்.

"நூரா."

"நீங்க வரேக்க அழுதவவோ?"

"தெரியா மகள். அவ பள்ளிக்கூடத்தில. சொல்லாமத்தான் வந்தனான்."

சொல்லும்போதே றிம்ஷாவுக்குக் குரல் உடைந்தது. இத்தனை நாளில் நூராவைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் இவள்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஸஜானா எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை விட்டுட்டுப் போகேக்க நான் அழுதனானோ?"

"நீங்க நித்திரை. விடியக்காலமை வேன் வந்தது. எழுப்பினா என்னால போகேலாமப் போயிடும் எண்டு எழுப்பாமப் போனனான்."



"இனிப் போறதெண்டா என்னை எழுப்பிப்போட்டுப் போங்கோ."

"நான் இனிப் போகமாட்டன் மகள்."

"இல்லை. எழுப்புங்கோ."

"சரி. எழுப்புறன்."

ஸஜானா படுத்துக்கொண்டு, பாயில் வாப்பாவின் பக்கத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். றிம்ஷா விளக்கை அணைக்காமலே போய்ப் படுத்தாள்.