நான் பூட்டிவைத்த பயணி

மதியம், கணினி வகுப்புப் பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு, சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு மின்னஞ்சல் பார்த்தேன். முன்பின் தெரியாத போலந்துக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் ஒற்றை வரி எழுதியிருந்தார்: உங்கள் கேமில் நீங்கள் வெட்டிய எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம், வாழ்த்துகள். கீழே ஒரு காணொளி. அதை அழுத்தியபோது வகுப்பறையின் பெரிய ஒலிபெருக்கி போட்டபடி கிடந்தது எனக்கு ஞாபகம் இல்லை. அறை முழுக்க என் அக்காவின் குரல் கேட்டது.

"நானும் ஒருக்கா இப்பிடித்தான் பேக்கோட பாதையேறினன். ஒருத்தருக்கும் தெரியா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிறுத்தும் பொத்தானைத் தேடக்கூடத் தோன்றவில்லை. சோற்றுக் கையாலேயே சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். வாசலில் இரண்டு பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்ன மிஸ், கரண்ட் அடிச்சிட்டா?" என்று ஒருத்தி கேட்டாள். ஓம் என்றேன். அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

ஆறு வருடங்களுக்கு முன் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்தோம். மண்டூரில் எங்கள் வீட்டிலிருந்து டவுனுக்குப் போக வாவியைக் கடக்க வேண்டும். ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகும் அந்த இரும்புத் தெப்பத்துக்கு எங்கள் ஊரில் 'பாதை' என்று பேர். கேமும் அதுதான். விளையாடுகிறவர் பாதைக்காரர். துறையில் பயணிகள் வந்து நிற்பார்கள். ஏற்றிக்கொண்டு, அக்கரை போய்ச் சேருவதற்குள் அவரவர் கதையைக் கேட்க வேண்டும். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, வெல்வதும் தோற்பதும் இல்லை. இதை ஆர் விளையாடப் போறாங்க என்று அத்தான் கேட்டார். அக்காவின் கணவர் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்பது அபூர்வம் என்பதால் எனக்கு அது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

குரலுக்கு ஆள் பிடிக்க எங்களிடம் வசதி இல்லை. அக்கா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். கதை சொல்லத் தொடங்கினால் கிழவி, நரி, பொலிஸ்காரன் எல்லாம் அவள் வாயில் வரும். ஆகவே கேமில் வரும் பெண் பயணிகள் அத்தனை பேரும் அக்காதான். எதிரொலி கேட்காமல் இருக்க அவளுடைய அலுமாரியைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவே மைக்கை வைத்தோம். அக்கா தலையை உள்ளே விட்டுக்கொண்டு பேசுவாள். பின்னாலிருந்து பார்த்தால் வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசியாக மிஞ்சியிருந்த பயணியைப் பதிவு செய்தோம். பையோடு தனியாக வரும் ஒரு பெண். நான் எழுதியது மூன்றே வரி. அக்கரை போக எவ்வளவு நேரம் எடுக்கும், பாதை இன்றைக்குத் திரும்பி வருமா, கடைசிப் பாதை எத்தனை மணிக்கு. அக்கா அதை வாசித்துக்கொண்டிருந்தபோது பாண் விற்கும் ஆட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு படலையடியில் வந்து நின்றது. அதை அனுப்ப நான் வெளியே ஓடினேன். பாண்காரர் எங்களுக்குச் சொந்தம், லேசில் போகிறவர் இல்லை. அம்மாவின் சுகம், என் கலியாணம் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் போனார். நான் திரும்பி வந்தபோது அக்கா சேலைகளை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள். முடிஞ்சுது என்றாள்.

கிழமை நாட்களில் நான் டவுனில் ஒரு அறையில் இருந்தேன். அடுத்த நாள் அங்கே அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். மூன்று வரியும் வந்தன. பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அக்கா, பயணியின் குரலை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலில், தானும் ஒருக்கா பேக்கோடு பாதையேறியதைச் சொல்லத் தொடங்கினாள். நான் நிறுத்திவிட்டேன். மைக் ஓடுவது தெரியாமல் தன்பாட்டில் புலம்புகிறாள், அதை ஒட்டுக்கேட்பது அசிங்கம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஒரு வரியே என்னை ஆட்டிவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். அம்மாவும் வீட்டை அக்காவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். வேறு ஊர்களில் பெண்கள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போவார்களாம். அக்கா இருப்பதே தாய்வீடு. அவள் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டால் போய்ச் சேர ஒரு வாசல் கிடையாது. அப்படி ஒருத்தி புறப்பட்டாள் என்பது அத்தானுக்கோ அம்மாவுக்கோ ஊருக்கோ தெரிந்தால் அவள் குடும்பம் என்ன ஆகும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பயணியையே கேமிலிருந்து தூக்கிவிட முடிவு செய்தேன். மற்ற இருவரிடமும் குரல் சரிவரவில்லை என்று சொன்னேன். ஆனால் கோப்பை அழித்ததும் நாலாவது பயணத்தில் கேம் அப்படியே நின்றுவிட்டது. பயணிகளின் பட்டியலை நாங்கள் ஒன்றோடொன்று அவ்வளவு சிக்கலாகப் பின்னி வைத்திருந்தோம். அதைப் பிரித்துக் கட்டத் திறமையும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆகவே கோப்பை உள்ளேயே விட்டுவிட்டு, இவள் துறைக்கு வரவே மாட்டாள் என்று நிரலில் ஒரு வரி எழுதிப் பூட்டினேன். வழக்கமாக வெள்ளிக்கிழமைகளில் ஊருக்குப் போகிறவள், அந்த வெள்ளிக்கிழமை போகவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. வேலை கிடக்கிறது என்று அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு டவுனிலேயே நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு கேமும் உருப்படவில்லை. கூட்டாளிகளில் ஒருவன் கனடாவுக்குப் போனான். மற்றவன் ஏறாவூரில் வாப்பாவின் கடையைப் பார்க்கப் போனான். மூன்றாவது துறை பாதியில் நின்றது. பாதையில் ஏற வேண்டிய ஒரு மாடு கடைசிவரை ஏறவே இல்லை. முடியாத கேமை இணையத்தில் சும்மா போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்.

இப்படி அரைகுறையாக வந்த கேம்களை ரசிகர்கள் திறந்து, செய்தவர்கள் உள்ளே மறைத்துவிட்டுப் போன காட்சி, குரல், பாத்திரம் எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒட்டி 'மொட்' என்று வெளியிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அதெல்லாம் பெரிய கேம்களுக்கு நடப்பது. வாவிக்கரையில் மூன்று பேர் செய்த குப்பையைக் கிளற எவனாவது வருவான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கையைக் கழுவிவிட்டு, ஒலியை அடைத்து, காணொளியை மறுபடியும் போட்டேன். மாடு ஏறியிருந்தது. எங்களால் ஒரு மாதம் தலைகீழாக நின்றும் ஏற்ற முடியாத மாட்டை எங்கோ போலந்தில் இருக்கும் ஒருவர் ஏற்றியிருந்தார். ஒரு நிமிடம் நான் சந்தோசப்பட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு அவள் வந்தாள். நான் வரைந்த அதே நீலச் சேலை, அதே பை. ஏறினாள், கம்பியைப் பிடித்தாள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடத் தொடங்கியதும் திரையின் அடிப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். பாதை ஏனோ மிக மெல்லப் போனது. எங்கள் கேமில் அது ஒரு நிமிடத்தில் அக்கரை சேர்ந்துவிடும்.

கீழே பார்த்தவர்களின் கருத்துகள். இந்தப் பெண்ணின் நடிப்பைப் போல் எந்தப் பெரிய கேமிலும் கேட்டதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அழுதுவிட்டேன் என்று இன்னொருவர். நடிப்பாம்! யார் வீட்டு அலுமாரியை யார் திறப்பது? இருந்த ஆத்திரத்தில், உடனே அதை எடுங்கள், உங்களிடம் யார் கேட்டது என்று எழுதி அனுப்பினேன். பின்னேர வகுப்பில் என்ன படிப்பித்தேன் என்று எனக்கே தெரியாது.

வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது பதில் வந்தது, தமிழில். அந்தக் குழுவில் மொழிபெயர்ப்புச் செய்தவர் மலேசியாவில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண். மிகவும் பணிவாக மன்னிப்புக் கேட்டிருந்தார். சொன்னால் நாளைக்கே எடுத்துவிடுகிறோம் என்றார். இல்லாததைச் சேர்ப்பதில்லை, இருப்பதை விடுவதில்லை என்பது அவர்களுடைய விதியாம். அந்தப் பதிவு நீளமாக இருந்ததால், அந்தப் பயணி பேசி முடிக்கும்வரை கரை வராதபடி பாதையின் வேகத்தைக் குறைத்தார்களாம். பிறகு இப்படி எழுதியிருந்தார்:

"ஒரே ஒரு கேள்வி. கடைசிப் பகுதியில் அவர் தன் தங்கச்சியிடம் பேசுகிறார். அந்தத் தங்கச்சியின் கோப்பை எல்லா இடத்திலும் தேடிவிட்டோம், கிடைக்கவில்லை. உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். அவரையும் கொண்டுவந்துவிடலாம்."

நான் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போனது. பிறகு பஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டி, ஆறு வருடம் கழித்து அந்தப் பதிவை முதல் முறையாகக் கடைசிவரை கேட்டேன்.

"அடிக்கிறார் எண்டா அம்மாட்டச் சொல்லலாம். கதைக்கிறாரில்ல எண்டு ஆருக்கிட்டப் போய்ச் சொல்ற? மூணு மாசமா ஒரு சொல்லில்ல. சோத்தப் போட்டாத் திண்டுட்டு ஒழும்பிப் போறார். நான் இருக்கனா இல்லையா எண்டு எனக்கே சந்தேகமா இருக்கு. அக்கரையில இறங்கி மரத்துக்குக் கீழ நிண்டன். எங்க போற எண்டு தெரியல்ல. மறுகா அதே பாதையிலயே கிறுகி வந்துட்டன்."

அலுமாரிக் கதவு ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு குரல் இன்னும் கிட்ட வந்தது.

"தங்கச்சி, இது ஓடுது எண்டு எனக்குத் தெரியும். செவப்பு லைட்டு எரியுது. ஒன்ட மூஞ்சப் பாத்துச் சொல்ல ஏலாது, அதான் இதுக்குள்ள சொல்றன். வெள்ளிக்கிழமை பின்னேரம் நீ ஊட்ட வாற பாதையில நான் ஏறுவன். நீ இறங்காத. ரெண்டு பேரும் அப்பிடியே கிறுகிப் போவம். ஒன்ட ரூமில ஒரு மூலை காணும் எனக்கு. நீ ஒண்டும் கதைக்கத் தேவையில்ல. வந்தாக் காணும்."

பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, என்ன புள்ள, ஏதும் செய்யுதா என்று கேட்டார். நான் மரியாதை என்று நினைத்துப் பூட்டியது எதை? எனக்கென்று சொன்னதை எனக்கே கேட்காமல் அடைத்துவிட்டு, ஆறு வருடம் அவளுடைய சோற்றைத் தின்று, அவளோடு கோயிலுக்குப் போய், சிரித்துப் பேசித் திரிந்திருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த வெறுப்பை இன்னும் யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலையில் ஊருக்குப் போனேன். அத்தான் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு தலையை ஆட்டினார். அக்கா குசினிப் பக்கத்து விறாந்தையில் உட்கார்ந்து, பாலர் பாடசாலைக்காகக் கலர்த் தாளில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பதிவ நான் அப்ப முழுக்கக் கேக்கல்ல," என்றேன்.

எந்தப் பதிவு என்று அவள் கேட்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எது மட்டும் கேட்ட?"

"பேக்கோட பாதையேறினது மட்டும். அதோட நிப்பாட்டிட்டன்."

அவள் என்னையே பார்த்தாள். ஏசுவாள் என்று இருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ கேட்டுட்டு மாட்டன் எண்டிட்டாய் எண்டு நினைச்சன்," என்றாள். "இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சிருந்தன்."

"வெள்ளிக்கிழமை துறைக்குப் போனியாக்கா?"

"போனன். நாலு பாதை வந்து போச்சு. பாதைக்காரண்ணன், என்ன புள்ள ஏறல்லையா எண்டு கேட்டார். தங்கச்சி வரும், அவளோட போவம் எண்டு சொன்னன். பொழுது பட்டதும் ஊட்ட வந்துட்டன். அத்தான் எங்க போன எண்டும் கேக்கல்ல."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்டி வைத்திருந்த மீன்களைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பதிவு இணையத்தில் வந்துவிட்டதையும், முன்பின் தெரியாதவர்கள் கேட்பதையும், சொன்னால் உடனே எடுத்துவிடுவார்கள் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"முழுக்கக் கேக்கிறாங்களா?" என்றாள்.

"ஓம். முழுக்கக் கேட்டாத்தான் அக்கரை போகலாம். அப்பிடிச் செஞ்சு வச்சிருக்காங்க."

அக்கா வெட்டிய மீன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். முன்னறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப எடுக்க வேணாமெண்டு சொல்லு."

"அத்தான் கேட்டுட்டா?"

"கேக்கட்டும்," என்றாள், அவருக்கும் கேட்கும்படியாக. பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கே மலேசியாக்காரிக்குப் பதில் எழுதினேன். எதையும் எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். தங்கச்சியின் கோப்பைத் தேட வேண்டாம், அவள் துறைக்கு வரவில்லை என்றும் எழுதினேன்.