சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

தேனாம்பேட்டையில் எங்கள் கம்பெனிக்கு போன் செய்த யாரும் முதலில் கேட்பது அஃப்சருன்னிசாவின் குரலைத்தான். சரக்கு வரவில்லை என்று காட்டுக் கத்தல் கத்துகிறவர்கூட, "லைன்லயே இருங்க சார்" என்று அவள் சொன்னால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார். கல்யாணமான புதிதில் உட்கார்ந்த டெலிபோன் போர்டு. கணவர் போனபிறகு அதுதான் அவளுக்குச் சோறு போட்டது. நான் கணக்குப் பிரிவு. மதியச் சாப்பாட்டுக்கு அவளோடு உட்காருகிறவள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் அவளுக்கு இருமல் பிடித்தது. சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வறட்டு இருமல்தான், ஆனால் விடவே இல்லை. "வணக்கம்" என்று தொடங்குவாள், மீதியை இருமல் விழுங்கிவிடும். மிளகுக் கஷாயம், அதிமதுரம், பாட்டில் பாட்டிலாக சிரப், எதற்கும் அசையவில்லை.

எங்கள் ஆபீஸில் வாய்க்கா பஞ்சம்? "டீபி மாதிரி கீது மேடம், ஜாக்கிரதையா இருங்க" என்று பியூன் பொன்னுரங்கம் என் காதில் ஓதினான். மறுநாள் தண்ணீர் டிரம் பக்கத்தில் ஒரு டம்ளர் தனியாக இருந்தது. அடியில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு. அது அவளுக்கென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளும் கேட்காமல் அதிலேயே குடித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளை மயிலாப்பூரில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் சுத்தம். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

ரிப்போர்ட்டை மேனேஜர் ஸ்ரீவத்சனிடம் காட்டினோம். "ரிப்போர்ட் சரிம்மா, இருமல் நிக்கலையே? கஸ்டமர் எல்லாம் கேக்கறா" என்றார். திங்கட்கிழமை முதல் ஈக்காட்டுத்தாங்கல் குடோனில் சீட்டு எழுதும் வேலை. அங்கே போனும் கிடையாது, பேசுவதற்கு ஆளும் கிடையாது.

சனிக்கிழமை அவள் மேஜையைக் காலி செய்ய உதவினேன். இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது.

"ஏண்டி, இது யாருக்கு?"

தலை நிமிரவில்லை. "எனக்குத்தான் விஜி. பி.பி. மாத்திரை."

"டாக்டர் கேக்கறச்சே ஏன் சொல்லலை?"

"நீ பக்கத்துல இருந்தியே. ஆபீஸ்ல தெரிஞ்சா? யாராவது கத்தினா 'அவருக்கு பி.பி. ஏறிடுச்சு'ன்னு நாமளே சிரிக்கிறோம். பி.பி. இருக்கிறவளைப் போர்டுல வைப்பாங்களா?"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கோபக்காரர்களுக்குத்தான் பி.பி. வரும் என்பது எங்கள் ஆபீஸ் சாஸ்திரம். அதற்குப் பயந்து, இல்லாத வியாதிக்கு இவள் டம்ளர் சுமந்திருக்கிறாள். அன்று சாயங்காலமே ஆட்டோவில் ஏற்றி அதே டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "எப்பலேர்ந்து சாப்பிடறீங்க?" இருமல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். ஒருமுறை எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டிக் கடையிலேயே வாங்கிக்கொண்டிருந்தாள், எழுதிக் கொடுத்த டாக்டரை மறுபடி பார்க்கவே இல்லை.

"நல்ல மாத்திரைதான். ஆனா இந்த வகை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டு வரும். வேற வகை எழுதித் தர்றேன். இருமல் அடங்கக் கொஞ்ச வாரம் ஆகும். நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க, பி.பி. சத்தம் போடாமலே ஆளைச் சாய்ச்சிடும்."

திங்கட்கிழமை அவள் குடோனுக்குப் போகவில்லை. பழைய அட்டையையும் டாக்டர் சீட்டையும் ஸ்ரீவத்சன் மேஜையில் வைத்தாள். "எனக்கு பி.பி. இருக்கு சார். இருமல் இந்த மாத்திரையால வந்தது. மாத்தியாச்சு. ஒரு மாசம் டைம் கொடுங்க." குரல் நடுங்கவில்லை. அவர் சீட்டை இரண்டு தரம் படித்துவிட்டு, தலையாட்டினார்.

இருமல் தேய்ந்து தேய்ந்து, மாதம் முடிவதற்குள் போயே போய்விட்டது. போர்டும் அவளிடமே தங்கியது. பொன்னுரங்கம் அசடு வழிந்துகொண்டு பொது டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

"வேணாம்பா. எனக்கு இதுவே பழகிடுச்சு" என்று பொட்டு வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

மதியம் சாப்பிடும்போது அந்த டம்ளரை வெடுக்கென்று எடுத்து, எல்லோர் முன்னாலும் எச்சில் பண்ணி மடமடவென்று குடித்தேன்.

அஃப்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு அந்த போர்டுக் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பார்த்துக் குடி விஜி. என் பி.பி. உனக்கு ஒட்டிக்கப் போகுது."