சித்தப்பா வந்த கிறிஸ்துமஸ்

எங்கள் வீட்டில் தீபாவளியும் உண்டு, கிறிஸ்துமஸும் உண்டு; விருந்தாளிகள்தான் கிடையாது. அப்பா கரமனை அக்கிரகாரத்துப் பிள்ளை, ஹஜூர் கச்சேரி என்ற சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா. அம்மா மார்த்தாண்டத்துப் பக்கம், வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் கல்யாணம் செய்துகொண்ட அன்றே இரண்டு பக்கத்துக் கதவுகளும் சாத்திக்கொண்டன. கரமனை இருக்கும் அதே ஊரில், பாளையத்தில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் மூன்று பேரே கூடி எல்லாப் பண்டிகைகளையும் கொண்டாடினோம். தீபாவளிக்கு அம்மா என் தலையில் எண்ணெய் வைப்பாள். கிறிஸ்துமஸுக்கு அப்பா மூங்கில் பிளந்து, வண்ணத்தாள் ஒட்டி நட்சத்திரம் கட்டுவார். அப்பாவுக்காக அன்றைக்கும் வீட்டில் கறி கிடையாது, பருப்புப் பாயசம்தான். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு ஆறு வயதிருக்கும். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று, இலை போடுகிற நேரத்தில், படலைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். அப்பாவின் மூக்கு, அப்பாவின் நடை. தலையையும் மீசையையும் மழித்திருந்தார்.

"ஒனக்க சித்தப்பா" என்றாள் அம்மா, மெதுவாக.

எங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி! அச்சுமுறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் என் தலையைத் தொட வந்து, கையை இழுத்துக்கொண்டார். அப்பா அந்த மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்போடா?"

"கார்த்திகையிலேயே போயிட்டார், அண்ணா. காரியமெல்லாம் ஆயிடுத்து. ஒனக்குச் சொல்லப்படாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிண்டுட்டார்."

"கொள்ளி?"

"நான்தான் வெச்சேன்."

மூத்த பிள்ளை ஒரே ஊரில் இருக்க, இளையவர் கொள்ளி வைத்தார் என்பதன் பொருள் எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்கு ஓர் அப்பா இருந்தார் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

அம்மா வாசலுக்கு வந்து, "உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போலாமே" என்றாள்.

"இருக்கட்டும், மன்னி" என்றார் சித்தப்பா. அண்ணன் மனைவியை அழைக்கும் அந்தச் சொல்லால் அதுவரை யாரும் அவளை அழைத்ததில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். பிறகு ஒருபோதும் வரவில்லை.

அப்பா கிணற்றடிக்குப் போய், கட்டிய வேட்டியோடு வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோஷம். தீபாவளி விடியலில் நான் குளித்துவிட்டு வந்ததும் அப்பா ஒன்று கேட்பார். இன்றைக்கு அதை நான் அவரிடம் கேட்கலாமே! ஓடிப்போய், "அப்பா, கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கத்தினேன்.

"ஐயோ, பிள்ளே!" என்று அம்மா அடுக்களையிலிருந்து பதறி வந்தாள். அப்பா கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். முகத்தில் தண்ணீர் வழிய என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆச்சுடி, கொழந்தே."

ஈரம் மாற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் இலையில் பாயசம் விட அம்மா தயங்கினாள். நானே கரண்டியைப் பிடுங்கி ஊற்றினேன். தகப்பனை இழந்தவர் இனிப்பைத் தொடக்கூடாத நாள் அது. அப்பா ஒரு சொட்டு விடாமல் வழித்துச் சாப்பிட்டு, "நன்னாருக்கு" என்றார்.

அடுத்து வந்த கிறிஸ்துமஸ்களிலும் சாப்பாட்டுக்கு முன் அப்பா கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகினார். தகப்பனாருக்குத் திதி கொடுக்க அழைக்கப்படாதவருக்கு மிஞ்சியது அந்தக் குளியல் மட்டும்தான். நானோ அதுவும் இயேசு பிறந்ததற்கான சடங்கு என்றே நம்பினேன். ஒரு வருஷம் சர்ச் வாசலில் என் சிநேகிதியிடம், "ஒங்கப்பா இன்னிக்குக் கிணத்தடியிலே தலைமுழுக மாட்டாரா?" என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பாவம், அவள் வீட்டில் யாருக்கும் கிறிஸ்துமஸை முறையாகக் கொண்டாடத் தெரியவில்லை என்று அவளுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே வீடு திரும்பினேன்.